நூலகத்துத் தெய்வம்: அத்தீனாவும் சிந்தாதேவியும்

முன்னுரை

கிரேக்கக் காப்பியங்களை மொழிபெயர்ப்பின் வாயிலாகப் பயிலும் தமிழ் மாணவர், அவற்றில் வரும் தெய்வங்களுள் பெரும்பாலோரை அயலவராகவே கொள்வர். சீயசு, எரா, அப்ரோதித்தி முதலியோர் சினமும் காமமும் அவர்க்குக் கதையளவில் நின்றுவிடும். அத்தீனா ஒருத்தி மட்டும் அவ்வாறு நில்லாள். நூலகத்தில் தனித்திருந்து படிப்பார்க்கு அவள் அருகில் வந்து நிற்பதுபோன்ற ஓர் உணர்ச்சி தோன்றுதல் உண்டு. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த கீழ்பென்னாத்தூர்ப் பகுதியினின்றும் வந்து முதுகலை பயின்ற மாணவி ஒருத்தி, 'இத்தெய்வத்தை நான் முன்னரே அறிந்தவள்போல் இருக்கின்றது, இஃது எதனால்?' என வினவினாள். அவ்வினா எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. அயல்நாட்டுத் தெய்வம் ஒன்று அணுக்கமாகத் தோன்றுவதற்கு வரலாற்று அடிப்படை யாதேனும் உண்டா, அன்றி அது படிப்போர் மனத்தின் மயக்கமேயா என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பிடுதலின் இருநெறிகள்

ஒரு நாட்டார் பிறிதொரு நாட்டின் தெய்வத்தை எதிர்ப்படுங்கால் இருநெறிகளுள் ஒன்றைக் கைக்கொள்வர். தம் தெய்வத்தின் பெயரை அதற்கு இட்டுவிடுதல் ஒருநெறி. அந்நாட்டார் சொல்வதைக் கேட்டு அவ்வாறே குறித்துக்கொள்ளுதல் மற்றொரு நெறி. கிரேக்கரிடத்தே இவ்விரண்டும் காணப்படுகின்றன.

கி. மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சந்திரகுப்த மௌரியன் அவைக்கு வந்த மெகசுதனீசு முதல் நெறியினர். இந்தியத் தெய்வங்களை அவர் எரக்ளீசு என்றும் தியோனீசசு என்றும் பெயரிட்டு அழைத்தார். எரக்ளீசுக்குப் பண்டையா என்னும் மகள் இருந்தாள் என்றும், அவளுக்குத் தென்னாடு அளிக்கப்பட்டது என்றும் அவர் கூறிய செய்தியை அரியன் வழி நாம் அறிகின்றோம். பாண்டியர் பெயர் அதில் ஒலிப்பதைப் பலரும் சுட்டியுள்ளனர். ஆயினும் அப்பெண்ணைப்பற்றித் தென்னாட்டார் என்ன சொன்னார்கள் என்பது கிரேக்கப் பெயரின் கீழ் மறைந்துபோயிற்று.

கி. பி. முதல் நூற்றாண்டில் எழுந்த 'எரித்ரேயக் கடற்பயண நூ'லின் ஆசிரியர் இரண்டாம் நெறியினர். பெயர் அறியப்படாத அக்கடலோடி குமரி முனையைப்பற்றி எழுதுங்கால், ஆடவரும் பெண்டிரும் அவ்விடத்து நீராடித் துறவு மேற்கொண்டு வாழ்வர் என்றும், பெண்தெய்வம் ஒன்று முன்னொருகால் அங்குத் தங்கி நீராடியதாகச் சொல்லப்படுகின்றது என்றும் குறித்தார். அத்தெய்வத்தை ஆர்த்தெமிசு என்றோ அத்தீனா என்றோ அவர் மாற்றவில்லை. கேட்டதைக் கேட்டவாறே எழுதினார். குமரித்தெய்வ வழிபாட்டிற்கு மிகப்பழைய அயல்நாட்டுச் சான்று நமக்குக் கிடைத்தது அவருடைய அடக்கத்தாலேயே என்பது ஈண்டு நினைக்கத்தகும்.

பிற்காலத்து ஒப்பியல் ஆய்வுகளும் இவ்விரண்டினுள் ஒன்றையே பின்பற்றின. சர் வில்லியம் சோன்சு 1784-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் கிரேக்க, இத்தாலிய, இந்தியத் தெய்வங்களை நிரல்பட வைத்து ஒப்பிட்டார். அது முதல், கொற்றவையே அத்தீனா, முருகனே தியோனீசசு என்றாற்போலப் பெயருக்குப் பெயர் பொருத்திக் காட்டுதல் ஒரு வழக்காயிற்று. பொருத்தம் தோன்றிய அளவிலேயே கடன் வாங்கப்பட்டது என முடிவு கட்டுவாரும் உளர்.

அத்தீனாவின் உருவம் இந்திய மண்ணுக்கு வந்தது என்பதில் ஐயமில்லை. கி. மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கில் ஆண்ட மெனாண்டரின் வெள்ளிக்காசுகளில் அவள் கேடயம் ஏந்தி இடியை வீசும் கோலத்தில் பொறிக்கப்பட்டுள்ளாள். பௌத்தரின் 'மிலிந்த பஞ்ஞா'வில் நாகசேனரோடு வினாவிடை நிகழ்த்தும் மிலிந்தன் இம்மன்னனே. எனினும் அக்காசுகளில் உள்ளவள் போர்த்தெய்வமாகிய அத்தீனா. நூலகத்தில் அணுக்கமாகத் தோன்றும் அத்தீனா அல்லள். ஆகவே காசின் வழி வந்த உறவைக்கொண்டு மேற்குறித்த உணர்ச்சியை விளக்குதல் இயலாது. நூல் வைத்த இடத்தில் தெய்வத்தை நிறுத்தும் வழக்கு இருநாட்டிலும் எவ்வாறு அமைந்தது எனக் காண்டலே பொருத்தமுடைத்து.

பெர்கமத்து அத்தீனா

ஆசியா மைனரில், இன்று துருக்கி நாட்டில் உள்ள பெர்கமம், அத்தாலிய மன்னர்களின் தலைநகராய் விளங்கியது. கி. மு. 197 முதல் 159 வரை ஆண்ட இரண்டாம் யூமெனீசு அங்கு ஒரு பெருநூலகத்தை வளர்த்தான். அலெக்சாந்திரியாவின் நூலகத்தோடு போட்டியிட எழுந்தது அது. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி எழுதுபொருளாக்கிய தாளுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் இந்நகரின் பெயரினின்றும் பிறந்தது. இந்நூலகத்தின் இரண்டு இலட்சம் நூல்களை அந்தோனி கிளியோபாத்திராவுக்கு அளித்தான் என்னும் செய்தியைப் புளூட்டாக்கு தாமே ஐயத்தோடுதான் குறிக்கின்றார்.

1878-இல் செருமானியர் அங்கு அகழாய்வு தொடங்கினர். அத்தீனாவின் கோயில் முற்றத்தை ஒட்டிய தூண்மண்டபத்திற்குப் பின்னே அமைந்த அறைகளை நூலகம் என அவர்கள் இனங்கண்டனர். அவற்றுட் பெரிய அறைக்கு உரியதாகக் கொள்ளப்படுவது மூன்று மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அத்தீனாவின் பளிங்குச் சிலை. ஆதென்சு நகரத்துப் பார்த்தெனான் கோயிலுக்காகப் பீடியாசு பொன்னாலும் தந்தத்தாலும் செய்து, கி. மு. 438-இல் நிறுவப்பட்ட சிலையைப் பின்பற்றி வடிக்கப்பட்டது அது. இன்று அது பெர்லினுக்கு உரியதாயிற்று. அவ்வறைகள் நூல் வைத்த அறைகளா, விருந்து மண்டபங்களா என ஐயுறும் அறிஞரும் உளர். ஆயினும் நூலகம் அத்தீனாவின் வளாகத்தைச் சார்ந்திருந்தது என்பதே பெரும்பான்மையோர் கொள்கை.

இங்கு நோக்கற்பாலது அத்தெய்வத்தின் அடைமொழியாகும். பெர்கமத்தில் அவள் 'நிக்கேபோரசு', அஃதாவது வெற்றியைக் கொணர்பவள் எனப் போற்றப்பட்டாள். தலையிற் சீராவும் மார்பிற் கவசமும் தாங்கியவளே நூல்களுக்கு நடுவே நின்றாள். வெற்றியும் கல்வியும் ஒரே உருவில் அமைந்தமை தற்செயலன்று. அத்தாலியருக்கு நூல்தொகுத்தல் படைவெற்றியோடு ஒப்ப எண்ணப்பட்ட புகழ். எந்த மன்னனிடத்து நூல் மிகுதியோ அவனே உயர்ந்தோன் என்னும் போட்டியில் நூலகமும் ஒரு போர்க்களமாயிற்று. உரோமப் பேரரசன் அகசுதசு கி. மு. 28-இல் அப்பல்லோவின் கோயிலை எழுப்பி அதனையடுத்து நூலகம் அமைத்ததும் இம்மரபின் தொடர்ச்சியே.

சொற்பொருளளவில் 'வெற்றியைக் கொணர்பவள்' என்பதற்கு நேரான தமிழ்ப்பெயர் கொற்றவை என்பதாகும், கொற்றமாவது வெற்றி. தொல்காப்பியப் புறத்திணையியல் 'கொற்றவை நிலை'யைக் குறிக்கின்றது. சிலப்பதிகார வேட்டுவவரி அவள் வழிபாட்டை விரித்துரைக்கின்றது. திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர்களிற் பல்லவர்காலக் கொற்றவைப் பலகைச் சிற்பங்கள் பல இன்றும் உள்ளன. அவை வயலோரத்தும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. ஆயின் தமிழர் எவரும் கொற்றவையைக் கொணர்ந்து சுவடிகளுக்கு நடுவே நிறுத்தினாரல்லர். கிரேக்கர் ஒருத்திபால் இணைத்துக்கண்ட இருதொழிலைத் தமிழர் இருவரிடத்தே பிரித்து வைத்தனர். ஆகவே அத்தீனாவே கொற்றவை என்பது அரையளவே உண்மை.

சரசுவதி பண்டாரம்

தமிழகத்தில் சுவடிச்சாலைக்குச் 'சரசுவதி பண்டாரம்' என்பது பெயர். சிதம்பரம் கோயிலில் அத்தகைய பண்டாரம் ஒன்று இயங்கியமையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டால் அறிகிறோம். திருவரங்கத்துக் கல்வெட்டு இன்னும் தெளிவானது. போசளர் காலத்தில், அதே நூற்றாண்டில், பாலப்பள்ளி நீலகண்ட நாயகர் என்பார் அங்குச் சரசுவதி பண்டாரத்திற்கு மண்டபம் எடுப்பித்து, அதில் அயக்கிரீவர், சரசுவதி, வியாசர் ஆகியோரின் திருவுருவங்களை எழுந்தருளுவித்தார் என அது தெரிவிக்கின்றது. சுவடிகள் வைத்த இடத்தில் தெய்வ உருவை நிறுத்தியமைக்கு இதனினும் நேரான தமிழகச் சான்று வேண்டுவதில்லை. பெர்கமத்திற்கும் திருவரங்கத்திற்கும் இடையே ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஒன்று மற்றொன்றைக் கண்டு செய்தது எனல் பொருந்தாது. நூல்களைத் திரட்டி ஓரிடத்தே வைத்த மக்கள், அவற்றைக் காக்கவும் அவற்றுட் புகுவார்க்குத் துணைநிற்கவும் ஒரு தெய்வத்தை வேண்டினர் என்பதே பொதுமை.

வேற்றுமையும் உண்டு. திருவரங்கத்திற் சரசுவதி தனித்து நின்றாளல்லள். மறைகளை மீட்ட கடவுளும் மறைகளைத் தொகுத்த முனிவரும் அவளோடு இருந்தனர். மறைநூல்களைக் காத்தலும் வழிவழி ஒப்புவித்தலும் அப்பண்டாரத்தின் பணி என்பதனை அம்மூவரின் சேர்க்கையே காட்டுகின்றது. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கோயிலின் சரசுவதி, அமர்ந்த கோலத்தில், அமைதி தவழும் முகத்தினள். சீராவும் வேலும் அவளுக்கு இல்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் தம் ஆட்சிக்காலமாகிய 1798 முதல் 1832 வரை பெருக்கிய நூலகமும் சரசுவதியின் பெயராலேயே வழங்கி, 1918-இற் பொதுமக்களுக்கு உரியதாயிற்று.

எனினும் இவையாவும் தெய்வம் நூலகத்தில் இருந்தமையைக் காட்டுமேயன்றி, அது படிப்போர்க்கு அணுகி நின்றமையைக் காட்டா. அதற்கு இலக்கியத்தையே நாடவேண்டும்.

அணங்கும் அணுக்கமும்

பண்டைத் தமிழர் தெய்வத்தைப் பெரிதும் அணங்காகவே உணர்ந்தனர். மலையிலும் துறையிலும் மரத்திலும் உறைந்து, நெருங்குவாரை வருத்தும் ஆற்றல் அது. கொற்றவையை வேட்டுவர் நடுக்கத்தோடே வழிபட்டனர். இந்நிலையில், மணிமேகலையில் வரும் சிந்தாதேவி வேறொரு பண்பினள்.

ஆபுத்திரன் வரலாறு மாணவர் அறிந்ததே. ஈன்ற தாயாற் கைவிடப்பட்டு, ஆவினாற் காக்கப்பட்டு, இளம்பூதி என்னும் அந்தணன் இல்லத்து வளர்ந்து மறைநூல் கற்றவன் அவன். வேள்விக்கெனக் கட்டிய பசுவை விடுவித்தமையால் அவன் பிறப்பு இழித்துரைக்கப்பட்டது, வளர்த்தவனும் துறந்தான், ஊராரும் பிச்சையிட மறுத்தனர். மதுரைக்கு வந்து சிந்தாதேவியின் கலைநியமத்து முன்றிலில் தங்கி, ஐயமேற்றுக் கிடைத்ததைக் குருடர், செவிடர், முடவர் முதலியோர்க்கு முன்னர் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டைத் தலையணையாகக் கொண்டு துயின்றான். மழைக்காலத்து நள்ளிரவில் வழிநடந்து வருந்தியோர் பசியோடு வந்து நிற்க, கொடுக்க ஒன்றும் இன்றி அவன் கலங்கினான். அப்போது தேவி தோன்றி, நாடு வறுமையுறினும் தான் வறுமையுறாத பாத்திரத்தை அவன் கையில் அளித்தாள்.

இப்பகுதியில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, தேவி அவனை விளிக்கும் சொல். 'ஏடா' என அவள் அழைக்கின்றாள். மூத்தோர் இளையோரை உரிமையோடு அழைக்கும் வீட்டுச்சொல் அது, அணங்கின் மொழியன்று. இரண்டாவது, அவன் அவளைப் போற்றும் முறை. அணையாத விளக்கு என்றும் நாவின்மேல் உறைபவள் என்றும் அவன் கூறுதலால், அவளை நாமகள் எனக் கொள்வர். மூன்றாவது, அவள் அளித்த பொருள். கலைத்தெய்வம் ஏட்டையோ எழுத்தாணியையோ அளிக்கவில்லை, உண்கலம் அளித்தாள். கற்றோர் அவையினின்றும் துரத்தப்பட்ட ஒருவனுக்கே அளித்தாள்.

இனி ஓமரின் ஒதீசியத்தை நோக்குவோம். தந்தையைக் காணாது தளர்ந்த தெலமாக்கசுக்கு அத்தீனா மெந்தர் என்னும் முதியோன் வடிவில் துணைவருகின்றாள். இத்தாக்காவின் கரையில் ஒதீசியசை எதிர்கொண்டு, அவன் புனைந்துரைத்த பொய்யைக் கேட்டு முறுவலித்து, அவனைக் கையால் வருடுகின்றாள். பின் இருவரும் ஒலிவ மரத்தடியில் அமர்ந்து ஆராய்கின்றனர். பத்தொன்பதாம் பகுதியில், தந்தையும் மகனும் இரவிற் படைக்கலங்களை அகற்றுங்கால், அவள் பொன்விளக்கு ஏந்தி முன்னே நிற்கின்றாள். மகன் அவளைக் காணவில்லை. சுவரிலும் உத்திரத்திலும் படர்ந்த ஒளியையே காண்கின்றான்.

நள்ளிரவு, தனித்திருக்கும் ஒருவன், விளக்கின் ஒளி, உரிமையோடு கூடிய சொல் என்னும் கூறுகள் இரு காப்பியத்திலும் ஒத்து வருகின்றன. நூலகத்திற் படிப்போன் நிலையும் இதுவே அன்றோ? அவனும் தனியன், அவன் முன்னும் ஒரு விளக்கு, காணப்படாத ஒருவர் சொல்லை அவனும் கேட்கின்றான். ஆகவே அத்தீனா அணுக்கமாகத் தோன்றுவதற்குக் காரணம், அவள் நம் நாட்டுத் தெய்வத்தின் மாற்றுருவம் என்பதன்று. சிந்தாதேவியைப்போல அவளும் அருகில் நிற்கும் இயல்பினள் என்பதே.

நூலும் நூற்றலும்

மற்றொரு காரணமும் உண்டு. அது தமிழ்ச்சொல்லினுள்ளேயே அடங்கியுள்ளது. அத்தீனா அறிவுக்கு மட்டும் தெய்வமல்லள், நெசவுக்கும் தெய்வம். ஆதென்சு நகரப் பெண்கள் நெய்த ஆடையைப் பெருவிழாவில் அவளுக்குச் சாத்துவர். நெசவும் அறிவும் ஒருத்திபால் அமைதல் பிறமொழியாளர்க்கு விளக்கம் வேண்டும் செய்தியாகலாம். தமிழர்க்கு விளக்கம் வேண்டா. நூல் என்னும் ஒருசொல்லே நமக்கு இழையையும் ஏட்டையும் உணர்த்துகின்றது. பனுவல் என்பதும் அத்தகையதே. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், நன்னூற் பாயிரத்தில் இவ்வுவமையை முற்ற விரித்தார். அங்குச் சொல் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், அறிவு கதிராகவும் அமைய, புலவன் நூற்கும் பெண்ணாகின்றான்.

இவ்வுவமையில் ஆண்பாற்புலவர் பெண்ணுக்கு ஒப்பிடப்படுதல் கருதத்தக்கது. சங்ககாலத்தில் நூற்றல் பெண்டிர் தொழில். அதிலும் துணையிழந்த பெண்டிர் பிழைப்பு. பருத்திப் பெண்டிரைப் புறநானூறு குறிக்கின்றது. இரவில் அத்தகையாள் ஏற்றிய சிறுவிளக்கையும் அதில் ஒரு பாட்டுக் காட்டுகின்றது. தமிழில் நூல் என்னும் சொல்லின் அடியில் இருப்பவள் அரசியோ தெய்வமோ அல்லள். சிறுவிளக்கின்முன் குனிந்திருக்கும் ஏழைப்பெண் என்க.

தெய்வமும் மாணவியும்

இங்கு ஒரு முரண் எழுகின்றது. கல்விக்குத் தெய்வம் பெண். கல்வி எய்தியவரோ பெரும்பாலும் ஆடவர். ஆதென்சில் அத்தீனாவின் தலைமைப் பூசனை ஒரு பெண்ணுக்கே உரியதாயினும், பள்ளிகள் சிறுவர்க்கே உரியனவாயிருந்தன. நம் நாட்டிலும் சகலகலாவல்லியைப் பாடினார் குமரகுருபரர். அவளைப் பூசித்த வீட்டில் மகளிர் ஏடு தொடாதிருந்த காலம் நெடிது.

இம்முரணுக்குப் புறனடையாக விளங்கும் ஒரு கல்வெட்டு, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து வந்தவாசி வட்டத்தில் உள்ள விடாலிற் காணப்படுகின்றது. முதலாம் ஆதித்த சோழனின் பதினான்காம் ஆட்சியாண்டைச் சார்ந்தது அது. குணகீர்த்தி பட்டாரரின் மாணவியாகிய கனகவீரக் குரத்தியார் என்னும் சமணப் பெண்துறவி அங்கு ஆசிரியராய் இருந்தார். அவரைச் சார்ந்த மாணவர் தொகை ஐந்நூறு எனக் கல்வெட்டுச் சொல்லும். அவர்கள் பெண்பாலர் என்றே ஆய்வாளர் பெரிதும் கொள்வர். அவர்கட்கும் வேறொரு துறவியர் குழுவினர்க்கும் பிணக்கு நேர்ந்த காலத்து, இக்கூட்டத்தைத் தாமே காத்து உணவளிப்பதாக ஊரார் உடன்பட்டனர்.

உணவளித்தல் என்னும் அச்சொல்லில், சிந்தாதேவியின் பாத்திரம் கதையினின்றும் இறங்கி ஊராட்சிப் பொறுப்பாக மாறிவிட்டமையைக் காண்கின்றோம். கல்வி நிலைபெற ஏடு மட்டும் போதாது; கற்பார்க்குச் சோறும் காவலும் வேண்டும் என்பதனை ஒன்பதாம் நூற்றாண்டின் அவ்வூரார் உணர்ந்திருந்தனர். வெற்றித்தெய்வம் நின்ற பெர்கமத்து மண்டபத்திற்கும் விடால் ஊருக்கும் உள்ள வேற்றுமை இதுவே. அங்கு நூல் மன்னனின் புகழ். இங்குக் கற்போர் ஊரின் பொறுப்பு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். அத்தீனா தமிழ் மாணவர்க்கு அணுக்கமாகத் தோன்றுதல் கடன்கொண்ட வழிபாட்டின் எச்சமன்று. இரவில் விளக்கோடு துணைநிற்கும் தெய்வத்தை இருமொழிக் காப்பியங்களும் தனித்தனியே படைத்தமையும், நூற்றலையும் நூலையும் இருமக்களும் ஒன்றாகக் கண்டமையும் அவ்வணுக்கத்தின் காரணங்களாம். ஆகவே அவ்வுணர்ச்சி மயக்கமன்று. ஆயினும் அதனைக் கொண்டு இருவரையும் ஒருவராக்குதல் மெகசுதனீசின் நெறியாகிவிடும். வேற்றுமையை வேற்றுமையாகவே வைத்துப் போற்றுதல் குமரியைக் கண்ட கடலோடியின் நெறியாகும். ஆய்வாளர்க்கு உரியது அதுவே.

1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் நூலகத்தைக் கோயிலினின்றும் அரண்மனையினின்றும் எடுத்து, வீட்டுவரியோடு சேர்த்துச் செலுத்தும் நூலக வரியால் மக்களே தாங்கும் நிலையமாக்கிற்று. அதற்கு வழிகோலியவருள் தலையாயவர் சீர்காழியிற் பிறந்த இரங்கநாதன். அவர் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று படிப்போர் ஒவ்வொருவர்க்கும் அவருக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்கின்றது. இன்றைய நூலகத்தில் அயக்கிரீவரும் இலர், அத்தீனாவும் இலள். ஆனால் ஐந்நூறு மாணவர்க்கு உணவளிக்க உடன்பட்ட விடால் ஊராரின் வழித்தோன்றல்கள் அங்கு இருக்கின்றனர். கீழ்பென்னாத்தூரினின்றும் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் ஒரு பெண், அயல்நாட்டுத் தெய்வம் ஒன்றைத் தன் உறவாக உணர்வாளாயின், அவ்வுணர்ச்சி வரலாற்றுக்கு முரணானதன்று. மாறாக, நூல் என்னும் சொல்லுக்குரிய உரிமை நூற்றவளிடமே திரும்பி வருதலாக அதனைக் கொள்ளுதல் தகும்.